பிடியும் கணக்கும்: சி.என்.சி. லேத் வேலைக்குப் போகும் பிள்ளைகள் அறியவேண்டியவை

1995 ஒக்டோபர் 30. வலிகாமத்திலிருந்து சனம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்த இரவு. எனக்கு அப்போது ஆறு வயது. அம்மா அரிசியும் உடுப்பும் கட்டினார். பெரியப்பா தன் பட்டறைக்குள் போய், லேத் மெசினின் சக்கைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார். இருபது கிலோ இரும்பு. “சாப்பாட்டுச் சாமானைக் கட்டாமல் இந்த இரும்பை ஏன் கட்டுறியள்?” என்று பெரியம்மா கத்தியது இப்போதும் காதில் கேட்கிறது. பெரியப்பா சொன்ன பதில் இதுதான்: “மெசினைக் கொண்டுபோகேலாது. பிடியையாவது கொண்டுபோவம்.”

அந்த லேத், பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரம் இல்லாமல், மண்ணெண்ணெயில் ஓடும் வோட்டர் பம்ப் எஞ்சினைப் பூட்டி, பெல்ட் மாட்டி ஓட்டப்பட்டது. அடுத்த வருடம் ஊர் திரும்பியபோது பட்டறைக்குக் கூரை இருக்கவில்லை. லேத்தின் படுக்கை மட்டும் துருப்பிடித்துக் கிடந்தது. அதைத் துடைத்து, கொண்டுபோய்க் கொண்டுவந்த சக்கைப் பூட்டித்தான் பெரியப்பா மறுபடி தொழில் தொடங்கினார்.

நான் ஊடகக் கற்கை படித்தவள். இயந்திரம் படித்தவள் அல்ல. ஆனால் கடந்த சில வருடங்களாக வன்னிக்குச் செய்தி சேகரிக்கப் போகும் இடங்களில் பெற்றோர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “பிள்ளை, சி.என்.சி. எண்டு ஏதோ வேலையாம். மகன் போகப் போறன் எண்டு நிக்கிறான். அது என்ன வேலை? கைக்கு ஆபத்தோ?” அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன். பெரியப்பாவிடமும், கிளிநொச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் சி.என்.சி. லேத் ஓட்டும் இளைஞர் ஒருவரிடமும் பல நாட்கள் உட்கார்ந்து கேட்டும் பார்த்தும் அறிந்தவை இவை.

சாதாரண லேத்தும் சி.என்.சி. லேத்தும்

லேத்தில் பொருள் சுழலும். வெட்டும் டூல் நகரும். மற்ற இயந்திரங்களிலிருந்து அதைப் பிரிப்பது இதுதான். இரும்புக் கம்பியைச் சுற்றவிட்டு, அதன்மேல் டூலை அழுத்தி நகர்த்தினால் உருளை வடிவம் கிடைக்கும். தண்டு, புஷ், புலி, நட், போல்ட் எல்லாம் இந்த வழியில் பிறப்பவை. உழவு இயந்திரத்தின் அச்சும், கிணற்றடியில் நிற்கும் பம்பின் தண்டும் லேத்தைத் தாண்டி வந்தவையே. செயற்கைக் காலின் குழாயையும் பாதத்தையும் இணைக்கும் உலோகத் துண்டுகள் பலவும் லேத்திலும் மில்லிங் இயந்திரத்திலும் உருவாகுபவை.

இங்கிலாந்தில் ஹென்றி மோட்ஸ்லி 1800 ஆம் ஆண்டையொட்டிச் செம்மைப்படுத்திய திருகு வெட்டும் லேத்தின் அமைப்பே பெரியப்பாவின் மெசினிலும் இருக்கிறது. டூலை நகர்த்துவது கைச்சில்லு. அளவு பார்ப்பது கண்ணும் காதும். 1952 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் எண்களால் கட்டுப்படுத்தப்படும் மில்லிங் இயந்திரம் ஒன்று காட்டப்பட்டது. துளையிட்ட நாடாவில் இருந்த எண்கள் அதை நகர்த்தின. பின்னர் நாடாவின் இடத்துக்குக் கணினி வந்தது. கைச்சில்லைச் சுற்றும் வேலையை மோட்டர்கள் செய்ய, அந்த மோட்டர்களுக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று எண்களால் சொல்வதுதான் சி.என்.சி.

எண்கள் கையைத்தான் மாற்றீடு செய்தன. பொருளை எப்படிப் பிடிப்பது என்ற தீர்மானத்தை இன்றும் மனிதர்தான் எடுக்கவேண்டும். பழகுபவர்கள் பெரும்பாலும் திரையைத்தான் பார்க்கிறார்கள். விபத்தோ பெரும்பாலும் சக்கில் நடக்கிறது.

முதலாவது: பிடி

மூன்று ஜோ உள்ள சக்கே எங்கும் காணப்படுவது. மூன்று ஜோக்களும் ஒன்றாக நெருங்கி, வட்டமான பொருளைத் தாமாகவே மையத்துக்குக் கொண்டுவரும். சி.என்.சி. இயந்திரத்தில் திறப்பு இல்லை. காலால் மிதித்தால் எண்ணெய் அழுத்தம் ஜோக்களை மூடும். இங்கே மூன்று விடயங்களைப் பார்க்கவேண்டும். ஜோக்கள் தம் நகர்வுத் தூரத்தின் கடைசியில் நின்று பிடிக்கக்கூடாது. அப்படி நின்றால் அழுத்தம் பொருளில் விழாமல் சக்கின் உடலிலேயே முடிந்துவிடும். பிடித்ததுபோலத் தெரியும், பிடி இருக்காது. ஜோவைப் பூட்டும் ரி-நட் ஜோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. ஜோக்களில் 1, 2, 3 என்று இலக்கம் இருக்கும். அவை அதே இலக்கமுள்ள வழியில், ஒரே பல்லில் பூட்டப்படவேண்டும்.

நான்கு ஜோ சக்கில் ஒவ்வொரு ஜோவும் தனித்தனியாக நகரும். சதுரத் துண்டுகளுக்கும், வார்ப்பு இரும்புக்கும், ஏற்கெனவே கடைந்த பழைய பொருளை மிகச் சரியாக மையப்படுத்துவதற்கும் இது தேவை. டயல் கேஜை வைத்துப் பொருளை ஒரு சுற்றுச் சுற்றினால், கூடிய அளவுக்கும் குறைந்த அளவுக்கும் இடையிலான வித்தியாசத்தின் பாதிதான் மைய விலகல். கேஜ் 0.40 மில்லிமீற்றர் காட்டினால், பொருளை நகர்த்தவேண்டியது 0.20 மாத்திரம். பழகுபவர் முழு 0.40ஐயும் தள்ளிவிட்டு மணிக்கணக்காக ஓடித் திரிவார்.

மென் ஜோ என்பது சி.என்.சி. வேலையின் உயிர். உரமேற்றாத இரும்பு அல்லது அலுமினியத்தால் ஆன ஜோக்களைச் சக்கில் பூட்டி, அந்த இயந்திரத்திலேயே, பிடிக்கப்போகும் பொருளின் விட்டத்துக்குக் கடைந்துகொள்வார்கள். அதனால் ஜோவின் வளைவும் பொருளின் வளைவும் ஒன்றாகப் பொருந்தும், முடிந்த பக்கத்தில் காயம் விழாது, மையமும் பிசகாது. ஆனால் வெறும் சக்கை வைத்துக் கடையக்கூடாது. ஜோக்களுக்கு இடையில் ஒரு வளையத்தைக் கொடுத்து, வேலையின்போது எந்த அழுத்தமோ அதே அழுத்தத்தில் இறுக்கிய பிறகே கடையவேண்டும். இல்லாவிட்டால் ஜோக்கள் பின்னர் சற்றே சாயும். பொருள் போய் முட்டும் உள்மூலையில் ஒரு சிறு பள்ளமும் வெட்டவேண்டும். அது இல்லையென்றால் அங்கே சேரும் தூளும் பிசிறும் பொருளை நேராக உட்காரவிடாது.

சிறிய விட்டமுள்ள கம்பிகளுக்கு கொலெட் நல்லது. அது பொருளைச் சுற்றிவர முழுவதுமாகப் பிடிப்பதால் அழுத்தம் சமமாகப் பரவும்.

அடுத்தது நீளம். சக்கிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் இரட்டிப்பானால், அதே வெட்டு விசைக்குப் பொருள் வளைவது எட்டு மடங்காகும். விட்டம் பாதியானால் வளைவு 16 மடங்கு. அதனால்தான் தொழிலாளர் மத்தியில் ஒரு கைக்கணக்கு உண்டு: நீட்டம் விட்டத்தின் மூன்று மடங்கைத் தாண்டினால் மறுமுனையை டெயில்ஸ்டொக் சென்டரால் தாங்கு, பத்து மடங்கை நெருங்கினால் நடுவிலும் ஸ்டெடி வை. 25 மில்லிமீற்றர் பம்ப் தண்டை 180 மில்லிமீற்றர் நீட்டிப் பிடித்தால் அது ஏழு மடங்குக்கு மேல். சென்டர் இல்லாமல் கடைந்தால் சக்குக்குப் பக்கத்தில் அளவு சரியாகவும், நுனியில் தடித்தும் வரும். டூல் மழுங்கிவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள்; பிழை டூலில் இல்லை.

மெல்லிய புஷ் இன்னொரு சோதனை. பித்தளை புஷ்ஷை மூன்று ஜோவால் இறுக்கினால் அது மூன்று இடத்தில் அமுங்கும். அந்த நிலையில் உட்துளையை வட்டமாகக் கடைவோம். கழற்றியதும் உலோகம் தன் பழைய வடிவுக்குத் திரும்ப, துளை மூன்று மூலையாகிவிடும். மைக்ரோமீற்றரால் இரண்டு புள்ளிகளில் அளந்தால் இந்தக் குறை பல வேளை அகப்படாது. தண்டைச் செருகும்போதுதான் தெரியும். இதற்கு மருந்து: பொருளை அகலமாகச் சுற்றிப் பிடிக்கும் மென் ஜோ, குறைத்த அழுத்தம், கரடு வெட்டு முடிந்ததும் ஒருமுறை தளர்த்தி மென்மையாக மீண்டும் பிடித்துக் கடைசி வெட்டு.

இரண்டாவது: எழுத்து

சி.என்.சி. லேத்தில் இரண்டு திசைகள் முக்கியம். நீளவாட்டில் இசட், மையத்தை நோக்கியும் வெளியேயும் எக்ஸ். பொதுவாகப் பொருளின் முகமே இசட் சுழியம். சக்கை நோக்கிப் போவது மறை எண். எக்ஸ் எண் பெரும்பாலான இயந்திரங்களில் விட்டத்தைக் குறிக்கும். டூல் 1 மில்லிமீற்றர் உள்ளே போனால் விட்டம் 2 குறையும் என்பதை இயந்திரமே கணக்கில் எடுக்கும். ஆகவே அளந்து பார்க்கும்போது 25.00 வரவேண்டிய இடத்தில் 25.06 இருந்தால், டூல் தேய்மானத் திருத்தத்தில் எக்ஸ் மறை 0.06 என்று கொடுப்பதே சரி. அதைப் பாதியாக்கத் தேவையில்லை.

கட்டளைகள் பலருக்குப் பயமூட்டும் தோற்றத்தில் இருந்தாலும், அன்றாடம் தேவைப்படுபவை கொஞ்சம்தான். ஜி00 வெட்டாமல் விரைந்து நகர். ஜி01 வெட்டிக்கொண்டு நேராகப் போ. ஜி02, ஜி03 வளைவுகள். எம்03, எம்04 சுழல், எம்05 நில். எம்08 கூலன்ட் திற, எம்09 மூடு. எம்30 முடிவு. ரி0101 என்றால் முதலாவது டூல், அதன் முதலாவது திருத்த அளவு. பரவலாக உள்ள ஃபனுக் வகைக் கட்டுப்பாட்டில் ஜி71 என்பது கரடு வெட்டுகளைத் தானே பிரித்துச் செய்யும் சுற்று, ஜி70 அதன் இறுதி வெட்டு, ஜி76 மரை வெட்டு. மற்றக் கட்டுப்பாடுகளில் சில இலக்கங்கள் வேறுபடும். அந்த இயந்திரத்தின் கைநூலைப் பார்க்காமல் ஒருவர் எழுதியதை இன்னொன்றில் போடக்கூடாது.

பழகுபவர் இரண்டு பொறிகளில் விழுவார். ஒன்று புள்ளி. பல பழைய கட்டுப்பாடுகளில் எக்ஸ் 25 என்று எழுதித் தசமப் புள்ளியை விட்டால், அதை 25 மில்லிமீற்றராக எடுக்காது. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 25 பங்காக எடுக்கும். அதாவது டூல் கிட்டத்தட்ட மையத்துக்கே பாயும். இங்கு பாவனைக்கு வந்த இயந்திரங்கள் பல பழையவை என்பதால் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மற்றது ஜி00. இந்தக் கட்டளையில் டூல் எப்போதும் நேர்கோட்டில் போகும் என்று நம்பக்கூடாது. இரண்டு திசையும் தத்தம் முழு வேகத்தில் புறப்பட, பாதை முழங்கைபோல் வளையலாம். வெளிப்பக்கம் கடைந்து முடிந்தால் முதலில் எக்ஸில் வெளியே எடு, பிறகு இசட்டில் நகர்த்து. துளைக்குள் கடைந்தால் முதலில் சுவரை விட்டு மையப் பக்கம் கொஞ்சம் விலகு, பிறகு இசட்டில் வெளியே வா. டெயில்ஸ்டொக் இருக்கும் வேலையில் இந்த ஒழுங்கு தவறினால் டூல் அதில் போய் மோதும்.

பிடியும் எழுத்தும் சந்திக்கும் இடம்

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

உலோகத்தை வெட்டும் வேகம் நிமிடத்துக்கு இத்தனை மீற்றர் என்று சொல்லப்படும். சுழற்சி எண்ணிக்கையைக் காணச் சுலபமான வழி: வேகத்தை 318ஆல் பெருக்கி, விட்ட மில்லிமீற்றரால் வகு. நிமிடத்துக்கு 120 மீற்றர் என்று வைத்தால், 50 மில்லிமீற்றர் விட்டத்தில் ஏறத்தாழ 763 சுற்று. 25இல் 1526. 10இல் 3816. 2 மில்லிமீற்றரில் 19,000ஐத் தாண்டும். ஜி96 என்ற கட்டளை இந்தக் கணக்கைத் தானே செய்து, டூல் மையத்தை நெருங்க நெருங்கச் சுழற்சியைக் கூட்டிக்கொண்டே போகும். முகம் கடையும்போது மேற்பரப்பு முழுக்க ஒரே மினுக்கமாக வருவதற்கு இது நல்ல வழி. ஆனால் மையத்தில் விட்டம் சுழியம். எல்லை வைக்காவிட்டால் இயந்திரம் தன் உச்ச வேகம் வரை ஓடும்.

அப்போது சக்கில் என்ன நடக்கிறது? ஜோக்கள் கனமானவை. சுழலும்போது மையநீக்க விசை அவற்றை வெளியே இழுக்கும். வேகம் இரட்டிப்பானால் அந்த இழுவை நான்கு மடங்கு. நிற்கும்போது இறுக்கிய பிடி, ஓடும்போது தளர்ந்துகொண்டே வரும். ஆகவேதான் ஃபனுக் வகை இயந்திரத்தில் ஜி96க்கு முன் ஜி50 எஸ்2000 என்பதுபோல் ஓர் உச்ச வரம்பு எழுதப்படுகிறது. அந்த எண்ணைச் சக்கில் பொறித்திருக்கும் உச்ச வேகம், ஜோவின் பருமன், பிடித்திருக்கும் நீளம் ஆகியவற்றைப் பார்த்தே தீர்மானிக்கவேண்டும்.

நான் சந்தித்த அந்த இளைஞருக்கு 2009 இல் பத்து வயது. முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்தபோது அவரது இடது முழங்கையில் ஷெல் துண்டு. இன்றும் அந்தக் கை முழுதாக மடங்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், 40 மில்லிமீற்றர் கம்பித் துண்டு ஒன்றை 12 மில்லிமீற்றர் மாத்திரம் பிடித்து முகம் கடைந்திருக்கிறார். வரம்பு வரியை எழுத மறந்துவிட்டார்.

“சத்தம் ஏறிக்கொண்டே போச்சுது அக்கா. கிபிர் வாறமாதிரி. நான் ஒரு நிமிசம் உறைஞ்சுபோனன். சிவப்புப் பட்டினை அமத்தக் கை எழும்பேல்லை. பிறகு ஒரே அடி.”

துண்டு சக்கிலிருந்து பறந்து கதவுக் கண்ணாடியில் மோதி அதை வெடிக்கச் செய்தது. கதவு பூட்டியிருந்ததால் அவர் இன்று கதைக்கிறார். கதவைத் திறந்துவைத்து ஓட்டுவதற்காக அதன் சுவிட்சைக் கட்டிவைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அன்று அப்படிச் செய்திருந்தால் இந்தக் கட்டுரை வேறுவிதமாக இருந்திருக்கும். அவரது அம்மா என்னிடம் சொன்னார்: “ஷெல்லுக்குத் தப்பின கை பிள்ளை. மெசினுக்குக் குடுக்கேலாது.”

மரை வெட்டும்போதும் துளையிடும்போதும் ஜி96 கூடாது. ஜி97 கொடுத்து ஒரே சுழற்சியில் ஓட்டவேண்டும். மரையில் ஒவ்வொரு வெட்டுக்கும் சுழற்சி மாறினால் டூல் இறங்கும் இடம் பிசகும். துளையிடும் டூல் நிற்பது மையத்தில் என்பதால், அங்கே ஜி96 நேரே உச்சத்துக்குத்தான் போகும்.

முதல் துண்டை ஓட்டும் முறை

புதிய எழுத்தை நேரே ஓட்டக்கூடாது. முதலில் திரையில் படமாகப் பார்க்கவேண்டும். பிறகு இசட் சுழியத்தைப் பொருளிலிருந்து வெளியே தள்ளிவைத்து, காற்றில் ஒருமுறை ஓட்டவேண்டும். அடுத்ததாக இடத்தைச் சரியாக்கி, ஒரு வரி ஓடி நிற்கும் நிலையில் வைத்து, விரைவு நகர்வைக் குறைந்த அளவுக்கு இறக்கி, ஒரு கையை நிறுத்தும் பட்டினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டவேண்டும். டூல் பொருளை நெருங்கும்போது, இன்னும் போகவேண்டிய தூரம் எவ்வளவு என்று திரை காட்டும். கண்ணுக்கு 5 மில்லிமீற்றர் தெரிய, திரை 40 என்று சொன்னால் உடனே நிறுத்தவேண்டும். இறுதி வெட்டுக்கு முன் நிறுத்தி அளந்து, திருத்தம் கொடுத்து, அதன் பிறகே முடிக்கவேண்டும்.

மின்சாரமும் நம் கணக்கில் இருக்கவேண்டும். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. வெட்டின் நடுவே மின்சாரம் போனால், வந்தவுடன் விட்ட வரியிலிருந்து தொடங்கக்கூடாது. டூலைப் பாதுகாப்பாக விலக்கி, பழைய இயந்திரமாயின் மூல இடத்துக்கு அனுப்பி, சக்கின் பிடியைச் சோதித்து, இன்சேர்ட் உடைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மீண்டும் தொடங்கவேண்டும்.

எந்த லேத்துக்கும் பொதுவான விதிகள் சில உண்டு. கையுறை போட்டுக்கொண்டு சுழலும் பொருளுக்குக் கிட்டப் போகாதே. தளர்ந்த சட்டைக் கை, சங்கிலி, விரித்த தலைமயிர் ஆகாது. சுருளாக வரும் பிசிறைக் கையால் இழுக்காதே, கொக்கி எடு. சாதாரண லேத்தில் சக்குத் திறப்பைச் சக்கிலேயே விட்டுவிட்டு மெசினைப் போடாதே. ஸ்பிண்டிலின் பின்பக்கம் நீளக் கம்பியைத் தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டு வேகமாக ஓட்டாதே; அது வளைந்து சாட்டையாகிவிடும்.

எங்கே படிப்பது, என்ன கேட்பது

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம், வடக்கில் இயந்திரத் தொழில்நுட்பம் கற்பிக்கும் இடங்களில் ஒன்று. எந்த நிறுவனமாயினும் கற்கைநெறி என்.வி.கியூ. தகைமைக்குரியதா, எத்தனையாவது மட்டம் என்று முதலில் கேளுங்கள். அந்தச் சட்டகத்தில் ஏழு மட்டங்கள் உண்டு. 4 வரை தொழிற் சான்றிதழ். 5, 6 டிப்ளோமா. 7 பட்டத்துக்குச் சமம். அடுத்ததாகக் கேட்கவேண்டியவை: ஒரு மாணவர் வாரத்தில் எத்தனை மணித்தியாலம் தானே இயந்திரத்தை ஓட்டுவார்? மென் ஜோ கடையப் பழக்குவார்களா? சாதாரண லேத்தில் முதலில் கை பழகவைப்பார்களா? கணினித் திரையில் மட்டும் படித்த பிள்ளைக்குப் பிடியின் பாரம் தெரியாது.

காலை இழந்தவர்களும், பாரம் தூக்க முடியாத பெண்களும் இந்த வேலையைச் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். எழுதுவதும் அளப்பதும் கண்காணிப்பதும் பலத்தைக் கேட்பவை அல்ல. ஆனால் பொருளை ஏற்றி இறக்கவேண்டும், நீண்ட நேரம் நிற்கவேண்டும், அவசரத்தில் ஒரு கை உடனே எழும்பவேண்டும். வேலைக்குச் சேர முன் இருக்கை, சுமை தூக்கும் வசதி, நிறுத்தும் பட்டின் எட்டும் இடம் ஆகியவற்றைப் பட்டறைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது வெட்கமல்ல. பெருஞ்சத்தம் பழைய நினைவைக் கிளறுபவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

போன மாதம் அந்த இளைஞரைப் பெரியப்பாவின் பட்டறைக்கு அழைத்துப்போனேன். பெரியப்பா பழைய சக்கைக் காட்டினார். இளைஞர் ஜோக்களைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “இன்னும் சரியாத்தான் பிடிக்குது ஐயா” என்றார். பிறகு தன் கொப்பியைப் பெரியப்பாவிடம் நீட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் ஜி50 வரியைச் சிவப்புப் பேனையால் எழுதி, அதற்குப் பக்கத்தில் பிடித்த நீளத்தையும் குறித்திருந்தார்.

பெரியப்பாவுக்கு ஜி50 என்றால் என்னவென்று தெரியாது. பிடித்த நீளத்தை மட்டும் வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்து, “இது காணாது தம்பி, இன்னும் பத்து மில்லி உள்ளுக்கு விடு” என்றார். இளைஞர் அங்கேயே வெட்டித் திருத்தி எழுதிக்கொண்டார்.